சத்தமில்லாமல் இறங்கிய லாரி

அப்பு,

நீ ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய வீடியோவை உன் அம்மா ஒரு முறை பார்த்தாள். நான் ஏழு முறை பார்த்தேன். போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் மலைச்சாலை. புது லாரி. ஸ்டீயரிங்கில் நீ. பக்கத்து இருக்கையில் உன்னைப் பழக்கும் மூத்த டிரைவர்; உன் போன் அவர் கையில் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே அரை டம்ளர் டீ. கியர் மாறும்போது உன் இடது தோள் லேசாக அசைகிறது, அவ்வளவுதான். டீ தளும்பவில்லை. "அப்படியே என் தம்பி கைங்க" என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் தம்பி ஓட்டிய சாலையில் இருபது வருடம் கழித்துத் தன் மகன் ஓட்டுகிறான் என்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

நான் அந்த வீடியோவைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பதினோராவது நொடியில் இன்ஜின் சத்தம் தணிந்துவிடுகிறது. சாலை அப்போதும் இறக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜின், நிறுத்தி வைத்த வண்டியில் முனகுவதுபோல முனகுகிறது. டயர் உருளும் சத்தமும் காற்றும் மட்டும் கேட்கின்றன. பிறகு, வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன உறுமல், உன் தோள் அசைகிறது, கியர் விழுகிறது, இன்ஜின் மறுபடி வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. இடையில் ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியும் லோடு ஏற்றிய லாரி ஒன்று கியரில் இல்லாமல் மலையில் தானாக உருண்டு இறங்கியிருக்கிறது. நீ அதை மிக அழகாகச் செய்திருந்தாய். அந்த அழகுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

உடனே உன்னை அழைத்தேன். நாம் பேசியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் அதிலிருந்துதான் வந்தது. "எறக்கத்துல நியூட்ரல்ல விட்டியா அப்பு?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுச்சு? அது சாதுவா இறங்குற எடம். எல்லாரும் விடுறதுதான். மாமாவும் அப்படித்தான ஓட்டுவாரு? வண்டி வர்றதே தெரியாதுன்னு அம்மா சொல்லியிருக்கே." மாமா எப்படி இறந்தார் என்று உனக்குத் தெரியுமல்லவா என்றேன். "தெரியும்ப்பா. பிரேக்கு போயிருச்சு. அதுக்கு ஓட்டுறவரு என்ன செய்வாரு? அது அந்தக் காலத்து வண்டி. இதுல பிரேக்கு மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும். சும்மா பயப்படாதீங்க. சோலி கெடக்கு, வச்சிர்றேன்."

பிரேக்கு போயிருச்சு. இந்த இரண்டு சொல்லை நீ உன் அம்மாவிடமிருந்து கேட்டாய். அம்மா என்னிடமிருந்து கேட்டாள். ஊர் அதை நாளிதழில் படித்தது. அதை எழுதியவன் நான். அது உண்மை இல்லை. அடுத்த வியாழக்கிழமை நீ முதல் முறையாகத் தனியாக மர லோடு ஏற்றிக்கொண்டு அந்த மலையை இறங்கப்போகிறாய். அதற்குள் உனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

நீ அப்போது நாலாம் வகுப்பு. மாமா பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து சில்வர் ஓக் மரம் ஏற்றிக்கொண்டு பிற்பகலில் கிளம்பியிருந்தார். கிளீனருக்குக் காய்ச்சல், வரவில்லை. கீழிருந்து எண்ணினால் ஆறாவது கொண்டை ஊசி வளைவில் லாரி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. போடியில் விபத்து என்றால் எனக்குத்தான் முதல் போன் வரும். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த நாளிதழுக்கு நான்தான் போடிச் செய்தியாளனாக இருந்தேன். ஏலக்காய் விலை, தேவாரம் தோட்டத்தில் யானை, மலைச்சாலையில் மண்சரிவு, எல்லாம் என் கையால்தான் போகும். அன்றைக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் கிடந்த லாரியின் பின்பக்க எழுத்தைப் படித்த பிறகுதான் அது யாருடைய வண்டி என்று எனக்குத் தெரிந்தது.

அங்கே ஒரு ஜீப்பு டிரைவர் இருந்தார். எஸ்டேட்டில் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு மாமாவின் லாரிக்குப் பின்னாலேயே இறங்கி வந்தவர். "சத்தமே இல்லண்ணே" என்றார். "மேல இருந்து நெடுக சத்தமே இல்லாம எறங்குச்சு. நல்லா வெரசாப் போகுது, இன்ஜின் சத்தத்தைக் காணோம். அந்த வளைவுக்கு மேல வந்ததும் கர்ர்ருன்னு ஒரு சத்தம். கியரு போடப் பாக்குறாருன்னு நெனச்சேன். விழுகல. இன்னொருவாட்டி கர்ர்ருன்னு கேட்டுச்சு. டயர்கிட்ட புகையாக் கெளம்புச்சு. அம்புட்டுத்தேன்." இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். தேதியும் நேரமும் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பிரேக்குதானங்க போச்சு? சொல்லுங்க. அவன் கையால ஒண்ணும் ஆகலல்ல? பிரேக்குதான?" நான் ஆமாம் என்றேன். உன் காதுகுத்தில் உன்னை மடியில் வைத்திருந்தவர், உன் அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, இந்தப் பக்கத்திலேயே கியர் சத்தம் கேட்காமல் ஓட்டுகிறவர் என்று பேர் வாங்கியவர். அவர் கையால் நேர்ந்தது என்று அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அதை இன்றும் நான் தப்பு என்று நினைக்கவில்லை. அதற்கு அப்புறம் அலுவலகத்துக்குப் போய், மனைவியிடம் சொன்னதையே செய்தியாக எழுதினேனே, அதுதான் தப்பு. 'பிரேக் பழுதானதால் கட்டுப்பாட்டை இழந்த லாரி' என்று எழுதினேன். ஜீப்பு டிரைவர் சொன்னதை எழுதவில்லை. எழுதி முடித்த பிறகு, செய்தி முழுமையாக இருக்கட்டும் என்ற பழக்கத்தில், கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: அந்த லாரிக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் போடியில் பிரேக் வேலை பார்க்கப்பட்டது. லாரி விழுந்ததைத் தவிர அந்தச் செய்தியில் உண்மை என்று இருந்தது அந்த வாக்கியம்தான். ஒரு மனிதரைக் கெடுத்ததும் அதுதான்.

அவர் பெயர் ராஜாங்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். லாரிகளுக்கு பிரேக் வேலை மட்டும் பார்ப்பார். மாமாவின் வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், அதாவது உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை, போட்டவர் அவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையில் பேப்பரில் சுற்றி எதையோ வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். பள்ளத்தில் இறங்கி மாமாவின் வண்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்த பிரேக் லைனிங். "பாருங்கண்ணே. தேஞ்சு போயிருந்தா இப்படியா இருக்கும்? கனம் அப்படியே இருக்கு. கருகியிருக்கு. மோந்து பாருங்க." வண்டி விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் எப்படிண்ணே எழுதுனீங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "என் மச்சான்கிட்ட அதே மாதிரி பழைய வண்டி ஒண்ணு கெடக்கு. காலையில வாங்க, நான் பழக்கிவிடுறேன். நான் வாயால சொன்னா பட்டறைக்காரன் தன் பொழப்புக்குச் சொல்றான்னு இருக்கும். நீங்களே ஓட்டிப் பாருங்க. கியரு எப்ப விழுகும், எப்ப விழுகாதுன்னு உங்க கைக்குத் தெரியணும். அப்பறம் எழுதுங்க." அப்படித்தான், நாற்பத்து நாலு வயதில், லாரி ஓட்ட லைசென்சு இல்லாமல், சிலமலைப் பக்கம் வண்டி நடமாட்டம் இல்லாத தோட்டப் பாதையில் நான் கியர் போடக் கற்றுக்கொண்டேன். அம்மாவிடம் காலை நடை என்று சொல்லியிருந்தேன்.

உன் வண்டியில் கியர் பெட்டிக்குள்ளேயே வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு இருக்கிறது. அந்தப் பழைய வண்டியில் அது கிடையாது. கிளட்சை மிதித்து, கியரை எடுத்து, காலை விட்டுவிட வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜினை ஏற்ற வேண்டும். மறுபடி கிளட்சை மிதித்துச் சின்ன கியரைப் போட வேண்டும். சக்கரம் சுற்றும் வேகமும் இன்ஜின் சுற்றும் வேகமும் ஒத்து வந்தால் லிவர் தானாக உள்ளே போகும். இல்லையென்றால் பல்லோடு பல் உரசும். முதல் ஒரு வாரம் எனக்கு உரசல்தான். ராஜாங்கம் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தார். "மெதுவாண்ணே. அதுக்கும் பல்லு இருக்கு, வலிக்கும்ல." நான் குனிந்து லிவரைப் பார்த்தால் தொடையில் தட்டுவார். "அதை எதுக்குப் பாக்குறீங்க? பேனாவைப் பாத்துக்கிட்டா எழுதுறீங்க? காதைக் குடுங்க. இன்ஜினு சொல்லும்." வெங்காய மூட்டை ஏற்ற வந்த ஒருவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "யாரு ராஜாங்கம், புது டிரைவரா? மாவு மில்லு ஓடுற மாதிரில்ல இருக்கு" என்றார். "பத்திரிகைக்காரரு. அரைச்சுத்தான் பழக்கம்" என்றார் ராஜாங்கம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை அது வந்தது. நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது நான் எதையும் யோசிக்கவில்லை. காது ஒரு இடத்தில் போதும் என்றது, கை தள்ளியது, கியர் விழுந்த சத்தமே இல்லை. வண்டியில் ஒரு குலுக்கல் இல்லை. நெய்யில் விரல் இறங்கியதுபோல இருந்தது. உனக்கு இப்போது கிடைத்திருக்கும் சந்தோஷம் எனக்குத் தெரியும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அன்று முழுவதும் என் உள்ளங்கையில் அது இருந்தது. நியூஸ் எழுத உட்கார்ந்தால் கை இடது பக்கம் போனது. உன் மாமா ஏன் அந்தச் சத்தமின்மைக்காகவே ஓட்டினார் என்று எனக்கு அன்று புரிந்தது. யாரும் பார்க்காத இடத்தில்கூட ஒருவர் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்ய ஆசைப்படுவார். அதில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ருசி பழகிவிட்டால், கியரை எடுத்துவிட்டு மறுபடி போடுவது ஒரு விளையாட்டாகிவிடும். எப்போது வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்று கை நம்பத் தொடங்கிவிடும்.

ராஜாங்கம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "இப்பச் சரி. நாளைக்கு மலைக்குப் போவம்." பாதி லோடு கல் ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டி மேலே போனோம். அகலமான ஒரு வளைவில் அவரே வண்டியைத் திருப்பி நிறுத்தி, இடம் மாறி உட்கார்ந்தார். மூன்றாவது கியரில் இறங்கச் சொன்னார். இறங்கினேன். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டு முக்கியது. "இப்ப எடுங்க. நியூட்ரல். அஞ்சு எண்ணுங்க, அப்பறம் ரெண்டைப் போடுங்க." எடுத்தேன். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி சுகமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதே மரங்கள் வேகமாகப் பின்னால் போகத் தொடங்கின. ஐந்தில் கிளட்சை மிதித்தேன், காலை விட்டேன், ஆக்சிலேட்டரை மிதித்தேன், மறுபடி கிளட்ச், தள்ளினேன். கர்ர்ர். நேற்று நெய்யாக இறங்கிய கை. மறுபடி செய்தேன். இன்னும் பலமாக உரசியது. மூன்றாம் தடவை தள்ள இடம் இல்லை, வளைவு எதிரே வந்துவிட்டது.

"விழுகாதுண்ணே" என்றார் ராஜாங்கம், சாதாரணமாக. "நீங்க தப்பவிடுற ஒவ்வொரு நொடிக்கும் சக்கரத்து வேகம் மேல போகுது, இன்ஜினு வேகம் கீழ வருது. எட்டாது. பிரேக்கை மிதிங்க." மிதித்தேன். லாரி நின்றது. என் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. வளைவுக்கு இன்னும் ஒரு பஸ்சு நீளம் இருந்தது. ராஜாங்கம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வெளியே பார்த்தபடி சொன்னார்: "யாரு பாத்த பிரேக்குன்னு நெனைக்கிறீங்க? நாந்தேன். ஒருவாட்டி நிறுத்தும். ரெண்டுவாட்டி நிறுத்தும். மெட்டுல இருந்து பத்துப் பதினோரு வளைவு, மர லோடோட, கியரு இல்லாம பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டே வந்தா எந்தப் பிரேக்கும் கருகிரும். பிரேக்கு போகலண்ணே. அதை வேல வாங்கியே கொன்னுட்டாரு உங்க மச்சினன். நல்ல டிரைவருதான். அதனாலதான் இம்புட்டு நாளா கியரு விழுந்துக்கிட்டு இருந்துச்சு."

எழுதிவிடுகிறேன் ராஜாங்கம் என்றேன். அவர் தலையாட்டினார். மீதி இறக்கத்தில் இரண்டாவது கியரில், இன்ஜின் கத்தக் கத்த, அவர்தான் ஓட்டிவந்தார்.

நான் எழுதவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா மாமாவின் போட்டோவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிரேக்கு மட்டும் நின்னிருந்தா..." என்று தொடங்கினாள். நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதே. ஒரு மாதம் போனது. பழைய விபத்துக்கு மறுப்பு எழுதினால் ஆசிரியர் என்ன கேட்பார் என்று யோசித்தேன். சொந்த மச்சினனைப் பற்றி எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். உண்மையில் அவ்வளவு யோசிக்கவும் இல்லை அப்பு. தள்ளிப்போட்டேன், அது பழகிவிட்டது. ஊரில் லாரி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை, திட்டவில்லை. வண்டியைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குள் தகரக் கொட்டகை பூட்டப்பட்டது. ராஜாங்கம் குடும்பத்தோடு கம்பத்துக்குப் போய், இன்னொருவர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு இரண்டு முறை பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தேன். இரண்டு முறையும் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டது நான்தான்.

உன்னோடு பேசிய மறுநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, கம்பம் போனேன். பட்டறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியோடு ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சார்" என்றார். பழக்கிய நாட்களில் ஒருநாளும் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. வந்த காரணத்தைச் சொன்னேன். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, போனைக் காதோரம் வைத்துக்கொண்டார். பதினோராவது நொடி வந்ததும் கண்ணை மூடினார்.

"நல்ல கை" என்றார். "புது வண்டில கியரு விழுந்துரும் சார். அதுதான் மோசம். விழுந்துக்கிட்டே இருந்தா எவனும் பயப்பட மாட்டான்." போனைத் திருப்பித் தந்தார். நான் எழுதப்போகிறேன் என்றேன். எண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டார். "உங்க மகன் மலையில எறங்கப்போறான், அதான் வந்திருக்கீங்க. என் மகனுக்குப் பள்ளிக்கூடத்துல 'பிரேக்கு'ன்னே பேரு வச்சிருந்தாங்க. டேய் பிரேக்கு, வாடா பிரேக்குன்னு. அப்ப நீங்க வரல." இல்லை என்றேன். "தப்புன்னு சொல்லல. புள்ளைன்னா ஓடி வரத்தான் செய்யும். ஆனா எழுதுறதை அவனுக்கு மட்டும் எழுதிராதீங்க சார். அதை மடிச்சுப் பையில வச்சுக்குவான். ஊர்ல அன்னைக்குப் படிச்சவங்களும் படிக்கட்டும்." டீ சொல்லட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். குடித்திருக்க வேண்டும் என்று பஸ்சில் வரும்போது தோன்றியது.

அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு வந்த கையோடு, நான் வேலை பார்த்த நாளிதழுக்கும் போகிறது. போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். போடவில்லையென்றால் வேறு எங்காவது போடச் செய்வேன்.

அம்மாவிடம் புதன்கிழமை காலையில் சொன்னேன். அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை உரித்துக்கொண்டே இருந்தாள். "எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள். அன்றைக்கே தெரியும் என்றேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனாள். விளக்கு ஏற்றிய பிறகு வந்து உட்கார்ந்தாள். "எழுதுறதுன்னா எழுதுங்க. ஆனா என் தம்பி தப்புப் பண்ணிட்டான்னு எழுதாதீங்க. என்ன பண்ணான்னு எழுதுங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியும்." அத்தனை வருடம் செய்தி எழுதியவனுக்கு இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஆகவே என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உன் மாமா மர லோடு ஏற்றிய லாரியை மலை இறக்கத்தில் கியரிலிருந்து எடுத்து, நியூட்ரலில் இறக்கினார். அதற்கு முன்பும் பல முறை அப்படி இறக்கியிருந்தார். பின்னால் வந்தவருக்கு இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியதால் லைனிங் சூடேறிக் கருகியது. வண்டி வேகம் பிடித்த பிறகு கியர் போட இரண்டு முறை முயன்றார், விழவில்லை. லிவர் நியூட்ரலில் இருந்ததாக, வண்டியைப் பிரித்துப் பார்த்த ராஜாங்கம் சொல்கிறார். விழுந்த அதிர்ச்சியில் லிவர் நகர்ந்திருக்கலாம் என்று யாராவது கேட்டால், அதை என்னால் மறுக்க முடியாது. ஆனால் ஜீப்பு டிரைவர் கேட்ட உரசல் சத்தத்தை மறுக்க முடியாது. கருகிய லைனிங்கை என் கையால் தொட்டிருக்கிறேன். அந்த லாரிக்கு ராஜாங்கம் பார்த்த பிரேக் வேலையில் எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தது நான் எழுதிய செய்தியில்.

இப்போது உனக்கு. மெட்டில் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்து. இறக்கத்தில் கால் வைப்பதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே, சின்ன கியரைப் போட்டுக்கொள். லோடு கனமாக இருந்தால் இரண்டு. முந்தல் வரும்வரை அதை எடுக்காதே. இன்ஜின் கத்தும். பின்னால் வருகிற ஜீப்புக்காரர் ஹாரன் அடிப்பார். "என்னப்பா, ஊர்ந்துக்கிட்டே போறியா?" என்று யாராவது எட்டிப் பார்த்துக் கேட்பார். கேட்கட்டும். உன்னைப் பழக்கிய டிரைவர் சிரிப்பார். சிரிக்கட்டும். மலை ஏறும்போதும் சமதரையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் மெத்தென்று கியர் மாற்று; அந்த அழகை யாரும் உன்னிடமிருந்து எடுக்கப்போவதில்லை. இறக்கத்தில் மட்டும் உன் கையை நம்பாதே. நல்ல கைக்குத்தான் அந்த ஒன்பது நொடி கிடைக்கிறது. கெட்ட கைக்காரன் பயந்து கியரை எடுக்கவே மாட்டான்.

உன் மாமாமேல் உனக்கு இருக்கும் மதிப்பு குறைய வேண்டாம். என்மேல் இருப்பது குறைந்தால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு நாள் நேரம் கிடைக்கும்போது கம்பம் போய் ராஜாங்கத்தைப் பார். நான் சொல்லி அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம். உன் வண்டியின் பிரேக்கைப் பார்க்கச் சொல். பார்க்க மாட்டேன் என்று சொன்னால் பேசாமல் திரும்பி வா.

இன்னொன்று. மாமா போன நாளிலிருந்து உன் அம்மா அந்த மலைச்சாலையில் ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும். மூணாறில் நடந்த கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள், வியாழக்கிழமை காலை பஸ்சில் மெட்டுக்குப் போய் உனக்காகக் காத்திருப்பாளாம், உன் வண்டியில் ஏறி உன்னோடு இறங்கி வருவாளாம். நானும் வருகிறேன் என்றேன். "வேணாங்க. நீங்க வந்தா பேசிக்கிட்டே வருவீங்க. நான் அவன் ஓட்டுறதைக் கேக்கணும்" என்றாள். பஸ்சுக்கு இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டாள். மெட்டில் டீக்கடைப் பக்கம் நிற்பாள். லாரி உயரம், அவளுக்கு முழங்கால் வலி; நீ இறங்கி வந்து, கையைப் பிடித்து ஏற்றி உட்கார வை. கதவைச் சரியாகச் சாத்தினாயா என்று பார். பிறகு இரண்டாவது கியரைப் போட்டுக் கிளம்பு.

உன் அப்பா